பவளத்துக்கு வெல்லம் கிடையாது

செக்காலையில் எங்கள் இரும்புப் பட்டறை வாசலில், கரி மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் ஒரு வெல்லச் சட்டி வைத்திருந்தேன். இரும்பு அடிக்கிற இடத்தில் வெல்லத்துக்கு என்ன ஜோலி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "குதிரைக்கு" என்பேன். "குதிரைக்கா!" என்று வாயைப் பிளப்பார்கள். ஆமாம், குதிரைக்குத்தான். கருத்தையா அண்ணனுடைய பவளத்துக்கு. அந்தக் குதிரையை விட்டுவிட்டு அந்த மனிதரைப் பற்றிப் பேச யாராலும் முடியாது. நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அழகுசுந்தரம் ஆசாரி லாடம் அடிக்கிறவர். காரைக்குடி ரயிலடியில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரைகள் பாதிக்கு மேல் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். ஜட்காக்காரர்கள் என்றால் ஊரைக் கூட்டுகிற தொண்டை இருக்கும். கருத்தையாவுக்கு அதுவும் இல்லை. அமராவதிபுதூர்ப் பக்கம் வானம் பார்த்த நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தைத் தம்பிமார்களிடம் விட்டுவிட்டு, குதிரை மேல் இருந்த பித்தில் வண்டி ஓட்ட வந்துவிட்டார். பட்டறைக்கு அடுத்த வீட்டில்தான் அவரும் அவர் மனைவி அழகியும் குடியிருந்தார்கள். குழந்தை கிடையாது. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதும் கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம். எதற்கும் "நல்லாருக்கணும்" என்பார். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால், "நல்லாருக்கணும் தங்கச்சி." சவாரி வந்தவர் இறங்கிப் போனால், அவர் முதுகுக்கு ஒரு "நல்லாருக்கணும்." ஒரு தடவை வண்டியை எங்கள் வாசலை மறித்து நிறுத்தினார் என்று நான் வாயில் வந்தபடி திட்டினேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அதற்கும் "நல்லாருக்கணும்" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "திட்டுனதுக்குமா?" என்று கேட்டேன். "நீ சொல்லலேன்னா எவனாவது வந்து முட்டிருப்பான்ல" என்றார். இந்த ஆளோடு யார் சண்டை போட முடியும்?

பவளம் செவலைப் பெட்டை. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுழி. முதன்முதலில் லாடம் அடிக்கக் கொண்டுவந்தபோது மிரண்டு, என் வீட்டுக்காரரின் முழங்காலில் ஓர் உதை விட்டாள். நான் ஓடிப்போய் அடுப்படியிலிருந்து ஒரு கட்டி வெல்லத்தை எடுத்துவந்து அவள் வாயில் வைத்தேன். அடங்கிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனியன். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் நிற்பாள். வண்டியில் ஆள் இருந்தாலும் நிற்பாள். உள்ளே இருப்பவர்கள் ரயிலுக்கு நேரமாச்சு என்று கத்துவார்கள். "அவ சுங்கம் வாங்காம நகர மாட்டா சாமி, செத்த பொறுங்க" என்பார் கருத்தையா. நான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து ஒரு கட்டி கொடுப்பேன். கொடுத்த பிறகுதான் குளம்பு எடுத்து வைப்பாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம். குன்றக்குடியில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், கண்மாய்க் கரையில் புல் நன்றாக இருக்கிறதென்று கருத்தையா அறுக்க இறங்கியிருக்கிறார். புல்லுக்குள் விரியன் கிடந்திருக்கிறது. வலது கை விரலில் பிடுங்கிவிட்டது. துண்டால் கையை இறுகக் கட்டி வண்டியில் ஏறியது வரைக்கும்தான் அவருக்கு நினைவு. அப்புறம் நடந்ததை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பவளம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வழக்கம்போல, "வந்துட்டியா மகராசி" என்று அலுத்துக்கொண்டே வெல்லத்தோடு வந்தேன். வண்டியில் ஓட்டுகிறவர் இடம் காலி. எட்டிப் பார்த்தால் உள்ளே குப்புறக் கிடக்கிறார், வாயோரம் நுரை, கை பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது.

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஏறி லகானைப் பிடித்து அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஊசி போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்களாம். பிழைத்தார். அந்த விரல் மட்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது.

குதிரை வீட்டைத் தேடி வந்ததா என்றால், இல்லை. வெல்லத்தைத் தேடி வந்தது. நான் வெளிப்படையாகவே சொன்னேன். ஆனால் கருத்தையாவுக்கு அதெல்லாம் ஒன்றுதான். "அவ கொண்டாந்து சேத்தா, நீ வெல்லம் வச்சிருந்த, ஆசாரி வண்டிய ஓட்டுனாரு. யாரு கொறைச்சலு?" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பவளத்தை அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சாட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அழகிகூடக் கேட்டாள்: "என்னைய ஒரு நாளாச்சும் இப்படித் தடவிக் குடுத்திருப்பீகளா?" அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்படியே பத்து வருஷம் போயிற்று. பவளத்துக்கு வயது இருபதைத் தாண்டியது. எழுபத்தொன்று கார்த்திகை வாக்கில் அவள் நடை மாறியது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் பின்னே சாய்த்து நிற்பாள். கல்லில் மிதித்தால் முனகுவாள். என் வீட்டுக்காரர் தாம் அடித்த ஆணிதான் சதையில் ஏறிவிட்டதோ என்று பயந்து, லாடத்தைக் கழற்றிப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார். ஆணியில் ஒரு குற்றமும் இல்லை. குளம்பைத் தொட்டால் சுட்டது.

கருத்தையா என்ன செய்தார்? நம்முடைய ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான். குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். "இவ காலு சரியாகட்டும். ரெண்டு பேருமா மலையடிவாரத்துக்கு வந்து முடி குடுக்குறோம். அதுவரைக்கும் ரெண்டு பேரு மேலயும் கத்தி படாது." அவருக்குத் தலைமுடி, அவளுக்குப் பிடரி மயிர். அதுதான் பேச்சு. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, இன்னொருவர் வண்டியைக் கைமாற்றாக ஓட்டிக்கொண்டு, தாடியும் தலையுமாகத் திரிய ஆரம்பித்தார்.

வேடிக்கையைக் கேளுங்கள். அவருக்கு முடி வளர்ந்தது, நியாயம். பவளத்துக்கும் வளர்ந்தது. பிடரியில் மட்டுமா? கழுத்து, வயிறு, கால் என்று உடம்பு பூராவும் சடை சடையாகச் சுருண்டு வளர்ந்தது. நம் ஊர்க் குதிரைக்கு எங்கே அப்படி முடி வளரும்? மார்கழிப் பனிக்கு என்று நினைத்தோம். தை வந்தும் உதிரவில்லை. "வீட்டுல ரெண்டு கரடி வளக்குறேன்" என்றாள் அழகி.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. குதிரையும் சேர்ந்து விரதம் இருக்கிறது என்று பேச்சு பரவிவிட்டது. வாயில்லா ஜீவன் எசமானோடு சேர்ந்து நேர்த்திக்கடனுக்கு முடி வளர்க்கிறது, இதைவிட என்ன வேண்டும்? தைப்பூசத்துக்கு நடக்கிற கூட்டம் செக்காலை வழியாகக் குன்றக்குடிக்குப் போகும்போது, காவடி தூக்கியவர்கள்கூட நின்று பவளத்தின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்கள். பழனியிலிருந்து திரும்பி வந்தவர்கள் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து ஊட்டினார்கள். செவ்வாய்க்கிழமையானால் யாராவது பானகம் கரைத்துக்கொண்டு வருவார்கள். நானும் எங்கள் சட்டியிலிருந்து அள்ளித்தான் கொடுத்தேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கருத்தையா ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாருக்கணும், நல்லாருக்கணும்" என்று உருகிப் போனார்.

இதில் முதல் ஆள் கண்ணம்மை ஆச்சி. பக்கத்துத் தெருப் பெரிய வீடு. ஒரு மழைக்காலத்தில் ஆச்சியின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, பிரசவ வலியெடுத்த மகளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது பவளம்தான். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பியதிலிருந்து, வீட்டில் கவுனி அரிசி கிண்டினால் முதல் தூக்குச் சட்டி பவளத்துக்கு. நெய் மணக்க மணக்கச் சீனி போட்டு வரும். எனக்குக்கூடச் சில நாள் பொறாமையாக இருக்கும்.

இத்தனை பேர் அன்பு காட்டியும் பவளம் தேறவில்லை. தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் தொட்டியை நக்குவாள். கொட்டகை எந்நேரமும் ஈரம். முதுகுச் சதை வற்றி, வயிறு மட்டும் தொங்கியது. பங்குனி வெயில் ஏறியதும் அந்தச் சடை முடிக்குள் வியர்த்து வியர்த்து, தோலெல்லாம் புண். ஒருநாள் காலையில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. கருத்தையா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாணி ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னும் என்னண்ணே முருகா முருகான்னு உக்காந்திருக்கீக? மாட்டாஸ்பத்திரின்னு ஒண்ணு எதுக்குக் கட்டி வச்சிருக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டு நானே போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். மெய்யநாதன் என்று பெயர். சைக்கிளை விட்டு இறங்கியதும் வேட்டி சட்டை பார்க்காமல் அந்த ஈரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து குளம்பைத் தடவினார். முடியை விலக்கித் தோலைப் பார்த்தார். என்ன தின்கிறாள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு என் வீட்டுக்காரரும் நானும் அழகியும் சுற்றி நிற்க, கருத்தையாவுக்குப் பொறுமையாகச் சொன்னார்:

"இது கால்ல வந்த நோய் இல்லைங்க. மூளைக்கு அடியில சின்னதா ஒரு சுரப்பி இருக்கு. வயசான குதிரைகளுக்குச் சிலதுக்கு அது நிதானம் தப்பிச் சுரக்கும். அதனாலதான் முடி உதிராம வளருது. தாகம், வேர்வை, வயிறு தொங்குறது எல்லாம் அதோட வேலை. இந்த நிலைமையில இனிப்பு உள்ள போனா அது நேரா குளம்பைத்தான் பிடிக்கும்."

"அப்ப இந்த முடி…" என்றார் கருத்தையா.

"வியாதிங்க. விரதம் இல்லை."

நான் பட்டறைப் பக்கம் திரும்பி அந்த வெல்லச் சட்டியைப் பார்த்தேன்.

"குணமாக்க மருந்து இருக்கா சாமி?" என்று அழகி கேட்டாள்.

"என் கையில இல்லம்மா. ஆனா நிம்மதியா வச்சிக்கலாம். இனிப்பு ஒரு துளி ஆகாது. காஞ்ச புல்லு, கொஞ்சமாக் கொள்ளு, குடிக்கிற அளவுக்குத் தண்ணி. நிக்கிறதுக்கு மெத்துன்னு மணல். இந்த முடியை உடனே எடுத்திரணும். சித்திரை வெயில் இதே முடியோட போச்சுன்னா, படுத்தது எந்திரிக்காது." சொல்லிவிட்டு ஊசி ஒன்று போட்டார். வலி கொஞ்சம் குறைந்து, சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தூக்கிவிட பவளம் எழுந்து நின்றாள்.

சிக்கல் எங்கே என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். கால் சரியானால் முடி தருகிறேன் என்பது முருகனிடம் சொன்ன சொல். முடியை எடுத்தால்தான் குதிரை மிஞ்சும் என்கிறார் டாக்டர். மறுநாள் நான் கத்தரிக்கோலோடு போய் நின்றேன். கருத்தையா என்னைத் தொட விடவில்லை.

"வேண்டாம் தங்கச்சி. சாமிகிட்டச் சொன்னது."

"சாமி கால்நடை டாக்டருக்குப் படிச்சிருக்காரா? வெயிலு என்னா போடு போடுது, பாத்தீகளா?"

"காலு சரியாகாம முடிய எடுத்தா, சரியாகவே வேண்டாம்னு நானே சொன்னாப்ல ஆயிரும்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு அழுகையும் கூடவே வரும். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இனிப்பு விஷயம் அதைவிட மோசம். ஆட்கள் வருவது நிற்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், குதிரைக்குப் பதிலாகத் தானே வாங்கித் தின்ன ஆரம்பித்தார். பானகம் வந்தால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அவ குடிச்சாப்லதான், நல்லாருக்கணும்" என்பார். பஞ்சாமிர்தத்தைத் தாடியில் ஒழுக ஒழுகத் தின்பார். அழகி தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணம்மை ஆச்சி தூக்குச் சட்டியோடு வந்த அன்றைக்கு நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"ஆச்சி, இனிமே கொண்டாராதீக. அதுக்கு ஆகாது. டாக்டரு சொல்லிட்டாரு."

ஆச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன்டி, எம் மகளக் கொண்டுபோய்ச் சேத்த குதிரைக்கு நான் ஒரு வாய் குடுக்கக் கூடாதா? எங்க வீட்டுலதான் எனக்குச் சக்கரை வியாதின்னு சொல்லி வாயக் கட்டிப் போட்டிருக்காக. இங்கயும் அதே கொடுமையா?"

"அதே கொடுமதான் ஆச்சி. இதுக்கும் கிட்டத்தட்ட அதே வியாதிதான். காலுல வந்து நிக்குது."

ஆச்சி சட்டென்று பேச்சை நிறுத்தினார். மெதுவாகக் கொட்டகைக்குள் போய்ப் பவளத்தின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரியுமே" என்றார். "எனக்கும் உள்ளங்காலு அப்பிடித்தான் எரியும். சொன்னா யாருக்கும் புரியாது. நீ யாருகிட்டத்தா சொல்லுவ?" என்று அவள் நெற்றிச் சுழியைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து கருத்தையாவைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். "ஏப்பா, வாரவுகளுக்குச் சொல்றதுக்கென்ன? நீ சொல்ல வேணாம். நான் சொல்லுறேன். குடுக்கணும்னு நெனைக்கிறவுக ஒரு கட்டுக் காஞ்ச புல்லு குடுக்கட்டும்." ஆச்சி சொன்னால் ஊர் கேட்கும். அந்த வாரமே பானகச் செம்புகள் நின்று, புல்லுக்கட்டுகள் வர ஆரம்பித்தன.

முடி மட்டும் அப்படியே இருந்தது. சித்திரை பிறந்துவிட்டது.

ஒரு மத்தியானம் கருத்தையா பட்டறைக்கு வந்து உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெக்கையில் யாரும் உலைப் பக்கம் உட்கார மாட்டார்கள். மடங்கிப் போன தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் சண்டைக்குப் பிறகு அவரோடு நான் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

"தங்கச்சி" என்றார். "அன்னைக்கு என்னையக் கொண்டாந்து இந்த வாசல்ல சேத்தாளே. அதுக்கு நான் முருகனுக்கு என்ன குடுத்தேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்ன குடுத்தீக?"

"ஒண்ணுமே குடுக்கல. அன்னைக்கு நான் எதுவும் நேந்துக்கல. நெனைவே இல்லாமக் கெடந்தேன். கேக்காமலே கெடச்சுது. கேக்காமக் கெடச்சதுக்குக் குடுக்கணும்னு பத்து வருசமா எனக்குத் தோணவே இல்ல. பாரேன்."

என் வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இந்த முடிய அதுக்குக் குடுத்துர்றேன்" என்றார் கருத்தையா. "காலுக்காகக் கேட்டது அங்குட்டே இருக்கட்டும். குடுக்குறதும் குடுக்காததும் அவன் இஷ்டம். வாங்குனதுக்கு முதல்ல குடுத்துட்டு வாரேன். ரெண்டு பேருந்தான் வாங்குனோம். ரெண்டு பேருமே போறோம்."

"போறதுன்னா எப்படிப் போவீக? அவ நடக்கவா செய்யிறா?" என்று கடுகடுவென்றுதான் கேட்க முடிந்தது.

நடக்க வைக்கவில்லை. ஆச்சி தன் வயல் வேலைக்கு வைத்திருந்த பார வண்டியை அனுப்பிவைத்தார், நல்ல காளைகளோடு. வண்டியில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பினோம். என் வீட்டுக்காரர் பலகைகளைச் சாய்வாகப் போட்டுக் கொடுத்தார். பவளம் மட்டக் குதிரைதான், அதுவும் நோயில் இளைத்தவள். விடிந்ததும் வெயிலுக்கு முன்னால் மெல்ல மெல்ல ஏற்றிவிட்டோம். வாழ்நாள் பூராவும் வண்டிக்கு முன்னால் நின்றே பழகியவள், வண்டிக்குள் நின்றுகொண்டு காளைகளின் முதுகைப் பார்த்து மிரண்டு மிரண்டு விழித்ததைப் பார்க்க வேண்டுமே! தெருவில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான், கண்ணில் நீரோடு.

என் வீட்டுக்காரர் காளைகளை ஓட்ட, அழகியும் நானும் வண்டியில் உட்கார்ந்தோம். கருத்தையா ஏறவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். "ஏறி உக்காருங்களேன்" என்று அழகி சொன்னதற்கு, "அன்னைக்கு இதே ரோட்டுல நான் படுத்துட்டு வந்தேன், அவ நடந்தா. இன்னைக்கு அவ வரட்டும்" என்றார். அந்தக் கண்மாய்க் கரை வந்தபோது ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல்லி, பவளத்தின் முகத்தை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

குன்றக்குடி அடிவாரத்தில் முடி எடுக்கிறவர் முதலில் கருத்தையாவுக்கு மொட்டை போட்டார். அப்புறம் "அடுத்த ஆள் யாரு?" என்று கேட்டார். வண்டியைக் காட்டினோம். "அம்புட்டுமா!" என்று அலறிவிட்டார். பிறகு விஷயத்தைக் கேட்டு, பவளத்தின் பிடரியில் ஒரு கற்றையைத் தண்ணீர் தெளித்துத் தன் கத்தியால் எடுத்து, கருத்தையாவின் முடியோடு சேர்த்து வைத்தார். மிச்சத்தை ஒரு புளிய மரத்து நிழலில் நாங்களே கத்தரித்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், கருத்தையா ஒரு பக்கம். சடை சடையாக விழுந்தது. உள்ளே இருந்து வெளிவந்த பவளம் எவ்வளவு சின்னவள்! விலா எலும்பும், புண்ணும், தொங்கின வயிறும். அழகி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே வந்தாள். கடைசிக் கற்றை விழுந்ததும் பவளம் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவள் அப்படி மூச்சு விட்டு மாதக்கணக்காகிவிட்டது. கருத்தையா மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதோடு குணமாகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். அந்த வியாதி போகவில்லை. போகாது என்று டாக்டரும் முதலிலேயே சொன்னார். ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாரே, அதைத்தான் கருத்தையா செய்தார். கண்மாய் மணலை அள்ளிவந்து கொட்டகையில் மெத்தையாகப் போட்டார். குளம்பு சுடுகிற நாட்களில் ஈரக் களிமண்ணை அப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் லாடத்தை அறவே கழற்றிவிட்டு, குளம்பின் முனையைச் சீவிச் சீவி நேர்செய்தார். பழைய லாரி டயரை அறுத்து அவளுக்குச் செருப்பு தைத்தார். இரும்பிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் ரப்பர் செருப்புத் தைத்ததை நான் இன்றைக்கும் கேலி செய்வேன். முடி வளர வளரக் கத்தரிக்கிற வேலை அழகியுடையது. டாக்டர் மெய்யநாதன் அந்தப் பக்கம் போனால் சைக்கிளை நிறுத்தாமல் போக மாட்டார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? வெல்லச் சட்டியைப் பலகையிலிருந்து எடுத்து உள்ளே ஒளித்து வைத்தேன். அதுதான் என் வைத்தியம்.

ஆவணி மாதம் ஒரு காலை. உலையை அப்போதுதான் மூட்டியிருந்தோம். வாசலில் தப்புத் தப்பென்று ஒரு சத்தம். மாட்டுச் சத்தமும் இல்லை, ஆள் நடக்கிற சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். பவளம். வண்டி இல்லை, கடிவாளம் இல்லை. டயர் செருப்போடு, ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்து எடுத்து வைத்துக்கொண்டு வருகிறாள். அடுத்த வீட்டிலிருந்து எங்கள் வாசல் எட்டுகிற தூரம்தான். ஆனால் கார்த்திகைக்குப் பிறகு அந்தத் தூரத்தை அவள் தானாக நடந்ததில்லை. பின்னால் கருத்தையா, மொட்டை போட்ட தலையில் குட்டையாக வளர்ந்த முடியோடு, கையை அவள் மேல் வைக்காமல், மூச்சுக்கூட விடாமல் வருகிறார்.

அன்றைக்கு அவரை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாளோ அதே இடத்தில் வந்து நின்றாள். கழுத்தை நீட்டிப் பலகையை மோந்தாள். சட்டி இல்லை. என்னைப் பார்த்தாள்.

என் கால் தானாக அடுப்படிக்குப் போனது. வெல்லத்தை எடுத்தும்விட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் பழகிய கை அல்லவா? ஒரே ஒரு கட்டி, நடந்து வந்ததற்கு, என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்படியே நின்றேன். பிறகு வெல்லத்தைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஆச்சி வீட்டுக் காய்ந்த புல்லில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இதுதான்டி இனிமே சுங்கம்" என்றேன். "வேணும்னா வாங்கிக்க, இல்லேன்னா போ."

பவளம் புல்லை மோந்தாள். என் உள்ளங்கையை ஒருதரம் நக்கிப் பார்த்தாள், வெல்ல வாசம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் வாயைத் திறந்து புல்லை வாங்கி, நிதானமாக மெல்ல ஆரம்பித்தாள். முடித்ததும், பழையபடி, கொடுத்ததை வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்புகிற மாதிரி, தானே திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள்.

எழுபத்தாறு மார்கழியில் கொட்டகை மணலில் படுத்து உயிரை விடுகிற வரைக்கும், கால் நன்றாக இருந்த காலையெல்லாம் அந்தச் சுங்கத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். முதன்முதலாக அவள் புல் வாங்கித் தின்ற அந்த ஆவணிக் காலையில், கருத்தையா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பேச்சு வரவில்லை. முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கிழட்டுக் குதிரையைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"நல்லாருக்கணும்."